கூடத்தின் நடுவே நிற்கும் தூண்கள்

சூலூரில் பிறந்து, கணபதியில் வாழ்ந்து, சென்ற ஆண்டு எங்களைப் பிரிந்த அப்பாவைப் பொறுமைசாலி என்று பலரும் இந்த நினைவு மலருக்கு எழுதித் தந்திருக்கிறீர்கள். நான் அவர் மகள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அப்பா கட்டடப் பொறியாளர். ஒரு கட்டடத்தைத் தாங்குவது எதுவோ, அதுவே அதன் அழகாகவும் இருக்க வேண்டும் என்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கருமத்தம்பட்டி விசைத்தறிக்காரர்களின் சங்கக் கூடத்துக்கு என் தாய்மாமா வடிவம் வரைந்தார். அதை நிற்க வைக்கும் கணக்கு அப்பாவுடையது. தூணே இல்லாத கூடம். விசிறி போல மடிப்பு மடிப்பாகக் கான்கிரீட் கூரை. சங்கத்தார் நம்பவில்லை. அப்பா ஒரு தாளை அப்படியே மடித்து, இரண்டு டம்ளர்களின் மேல் பாலம் போல வைத்து, அதன்மேல் தம் கைக்கடிகாரத்தை வைத்தார். தாள் வளையவில்லை.

மாமாவுக்கோ கூரை மெலிதாகத் தெரிய வேண்டும். மடிப்பின் ஆழத்தைப் பாதியாக்கச் சொன்னார்.

“மடிப்புதானுங்க மச்சான் கூரையத் தாங்குது. அதைக் கொறைச்சுப்போட்டா நடுவுல தூண் கேக்குமுங்க” என்றார் அப்பா.

பிறகு அப்பாவுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்கு வேலை விஷயம் பேச யாரும் வரமாட்டார்கள் என்பது மாமாவுக்குத் தெரியும். அந்த நாட்களில் வரைபடத்தைச் சிவப்பு மையால் திருத்தி, கான்கிரீட்டையும் போட்டுவிட்டார். முட்டுகளைப் பிரித்ததும் கூரை நடுவில் தொய்ந்தது. அவசர அவசரமாக நான்கு தூண்கள் எழுப்பினார்கள்.

“மாப்பிள்ளையோட கணக்கு தப்பிப்போச்சுங்க” என்று மாமா சங்கத்தாரிடம் கூசாமல் சொன்னார்.

அம்மாவின் அண்ணன் என்பதால் அப்பா வாய் திறக்கவில்லை. அதன்பின் பெரிய கட்டடம் எதற்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. லேத்துப் பட்டறைகளுக்குத் தகரக் கொட்டகை வரைந்தே காலத்தை ஓட்டினார். கடைசிவரை, பேருந்து இந்தக் கூடத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமா செய்ததை நான் மன்னிக்கவில்லை; மன்னிக்கப் போவதும் இல்லை.

எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “எழுது கண்ணு. எங்கண்ணன் கண்ணு நல்லாத் தெரியறப்பவே எழுதிப்போடு” என்றார். சிவப்பு மை பட்ட வரைபடத்தை அடுத்த பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். கையெழுத்து யாருடையது என்று உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவின் கடைசி நோயில் இரவு பகல் பாராமல் உடனிருந்த உறவினர்களுக்கும், செவிலியர்களுக்கும், கணபதிப் பட்டறைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படத்திறப்புக்கு இந்தக் கூடத்தையே தந்த சங்கத்தாருக்கும் நன்றி. உங்களில் பாதிப்பேருக்கு மேடை தெரியாமல் தூண் மறைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் படத்தையும் ஒரு தூணில்தான் மாட்டியிருக்கிறோம்.

அதைத் திறந்துவைத்து, இம்மலரின் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள மாமா மனமுவந்து சம்மதித்தார். அவருக்கும் நன்றி. இப்போது அவரும் இதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பார்.