எதிர் விடுதியின் அழுக்குப் படங்கள்

திருவண்ணாமலையில், செங்கம் சாலையை ஒட்டி நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். ஆனால் வெளிநாட்டினர் எல்லோரும் எதிரே விடுதி நடத்தும் மலர்விழியிடம்தான் போவார்கள். என் அறைகள் பெரியவை. யார் கண்ணில் படுகிறது? அவள் மாடியில் காயும் வெள்ளை விரிப்புகளைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயிறு எரியும்.

போன தீபத்துக்கு முன், தெரியாத ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. 'இப்போது தங்கியிருக்கும் இடம் படு அழுக்கு. படங்களை இணைத்திருக்கிறேன். உங்களிடம் அறை கிடைக்குமா?' எந்த இடம் என்று அதில் இல்லை. மலருடையதுதான் என்று நானே முடிவு கட்டி, ஆசை ஆசையாக இணைப்பைத் திறந்தேன். படம் எதுவும் வரவில்லை. ஆன்டிவைரஸும் வாய் திறக்கவில்லை. மறுநாள் என் மெயிலுக்குள் என்னாலேயே நுழைய முடியவில்லை. அறை பதிவு செய்தவர்களுக்கெல்லாம் என் பெயரில் குப்பை மெயில்கள் போயிருந்தன.

சரிசெய்ய வந்த கம்ப்யூட்டர்காரர், "புது வைரஸுங்க. ஆன்டிவைரஸுக்கு இன்னும் அடையாளம் தெரியாது. எதிர்லயும் இதே கதைதான்," என்றார்.

மலரிடம் ஓடினேன். "உனக்குமா?"

"ஆமாக்கா," என்றாள் தலைகுனிந்து. "உங்க ரூமைத்தான் அழுக்குன்னு சொல்றாங்கன்னு நெனச்சு திறந்துட்டேன்."

இப்போதெல்லாம் முன்பின் தெரியாத மெயில் வந்தால், திறப்பதற்கு முன் ஒருவருக்கொருவர் போன் செய்து கேட்டுக்கொள்கிறோம். எத்தனை அறை நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் இருவருமே சொல்வதில்லை.