முன் சீட்டில் புருஷன்

விமான மைதானத்தில் அவளைக் கேப்டனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா விட்டுப்போன கிழட்டு விமானம். முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு. பயணியை முன்னால் உட்காரவைத்து, பின்னாலிருந்து ஓட்டி, ஏரியையும் மலையையும் ஒரு சுற்றுக் காட்டி இறக்கிவிடுவாள். வானத்தில் ராணி. வீட்டிலோ புருஷன் கையால் அடி. சாப்பாடு ஆறிப்போனால் அடி, பேசினால் அடி, பேசாவிட்டால் திமிரென்று அதற்கும் ஒரு அடி. அவளுடைய கறுப்புக் கண்ணாடியைப் பயணிகள் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். என்ன ஸ்டைலோ, போங்கள்.

அந்தப் பாவிதான் டிக்கெட் கவுண்டரில் உட்காருவான். ஒருநாள் காலை, இறங்கிய பயணி ஒருவர் அவள் கையைக் குலுக்கி, இப்படி ஓட்ட ஆளே இல்லை என்று புகழ்ந்துவிட்டார். அவர் கார் கிளம்பியதுதான் தாமதம், மெக்கானிக் பார்க்கப் பார்க்கப் பளாரென்று அறைந்தான். உதடு கிழிந்தது. அதோடும் அடங்கவில்லை. இதென்ன பெரிய வித்தையா, நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டான்.

விமானத்தை ஏற்றி இறக்கித் திருப்பும் ஸ்டிக் இரண்டு சீட்டிலும் உண்டு; பயணி ஏறினால் முன் சீட்டு ஸ்டிக்கைக் கழற்றிவிடுவது வழக்கம். இரண்டு ஸ்டிக்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முன்னால் இருப்பவன் பயந்துபோய் இறுக்கிப் பிடித்தால் பின்னால் இருப்பவள் கதை முடிந்தது. மெக்கானிக் கழற்றக் குனிந்தார். புருஷன் அவர் கையைத் தட்டிவிட்டான். மெக்கானிக் அவளைப் பார்த்தார். கழற்றத்தான் வேண்டும் என்று அவள் சொன்னால் இன்னொரு அறை விழும்.

"இருக்கட்டும்ணே," என்றாள்.

பின் சீட்டில் ஏறி அவளே விமானத்தைக் கிளப்பினாள். மலையை நெருங்கும்வரை அவனுக்கு வாய் ஓயவில்லை. மலைக்காற்று ஒரு தூக்குத் தூக்கிப் போட்டதும் அடைத்துப்போனது. வீட்டில் புலி, வெளியில் எலி! ஸ்டிக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்துக் கட்டிக்கொண்டான். விமானத்தின் மூக்கு மேலே ஏறியது, வேகம் செத்தது, ஒரு பக்கமாய்ச் சரிந்து சுழன்று விழத் தொடங்கியது. முழு பலத்தோடு தன் ஸ்டிக்கை முன்னால் தள்ளினாள். அசையவில்லை. விமானத்தின் முன் கண்ணாடி முழுக்க ஏரி சுற்றியது.

"விடுங்க! ஸ்டிக்க விடுங்க, செத்துருவோம்!"

கெஞ்சியும் பார்த்தாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? காலடியில் இருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கி அவன் மண்டையில் ஓங்கி ஒன்று போட்டாள். பிடி தளரவில்லை. தோளில் இன்னொன்று. எலும்பு முறிந்து ஒரு கை தொங்கியது, மறு கையும் பிடியை விட்டது. ஸ்டிக் அவளிடம் வந்தது. பெடலை மிதித்து, சுழற்சியை நிறுத்தி, ஏரித் தண்ணீரைத் தொடாத குறையாக நிமிர்த்தினாள்.

விமானம் நேராகப் பறந்தது. இனி ஆபத்தில்லை. முன் சீட்டில் அவன் முனகினான். அவள் சிலிண்டரை மறுபடி தூக்கி, நிதானமாக, மண்டையில் அடித்தாள்.

இறங்கியதும் மெக்கானிக் ஓடிவந்து கதவைத் திறந்தார். சீட்டெல்லாம் ரத்தம். உயிரோடுதான் இருந்தான். அவள் திரும்பியதும் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினான்.

"பிடிய விடவே இல்லையாம்மா?" என்று மெல்லக் கேட்டார் மெக்கானிக்.

"ரெண்டாவது அடியிலயே விட்டுட்டாருண்ணே," என்றாள். "மூணாவதுலதான் எனக்குப் பயம் விட்டுச்சு."