முட்டைக்கு வார்த்த பால்

வெரிபீ புறநகரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் "பிள்ளையள் இல்லையோ?" என்பார்கள். பிறகு "பாம்பு வளர்க்கிறியளாம்?" என்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தாங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். வரட்டும். பிள்ளை வேண்டாம் என்று நானும் கணவரும் தீர்மானித்து ஒன்பது வருடம். பாம்பு எனக்குப் பிடிக்கும், லைசென்ஸ் எடுத்து வளர்க்கிறேன். ஒன்றுக்குப் பதில் மற்றது இல்லை.

போன வசந்தத்தில் என் மலைப்பாம்பு எட்டு முட்டை இட்டது. எஸ்கி என்ற குளிர்காப்புப் பெட்டிக்குள் ஈரமான வெர்மிகுலைட் கனிமத் துகள் பரப்பி, அடியில் சூடேற்றும் பாய் போட்டு, முட்டைகளைச் சாப்பாட்டு அறையில் வைத்தேன். கோழிமுட்டை மாதிரி இவற்றைப் புரட்டக் கூடாது. நனைக்கவும் கூடாது. நனைந்தால் பூஞ்சணம் பிடித்து உள்ளே குட்டி செத்துவிடும்.

அந்த நேரம் பார்த்துக் கணவரின் அக்கா சிட்னியிலிருந்து வந்து இரண்டு கிழமை தங்கினார். நல்ல மனுசி, தானே சமைப்பார், என்னைக் குசினிப் பக்கமே விடமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தேன். முட்டைகளின் மேல் குங்குமம். சுற்றிவரப் பால்.

"மச்சாள், என்ன செய்தனீங்கள்?"

"உனக்காகத்தானம்மா. நாகதோஷம் கழிஞ்சால் உன்ரை மடியிலையும் ஒண்டு தவழும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை பிடிக்க நேரமில்லை. முட்டைகள் புரளாமல் பிடித்துக்கொண்டு டிஷ்யூவால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பாலில் நனைந்த வெர்மிகுலைட்டைக் கொட்டிவிட்டுப் புதிது போட்டேன்.

"பழுதாப் போச்சு, எறிஞ்சுவிடும்" என்றார் கணவர். எறியவில்லை. நான்கில் பூஞ்சணம் வந்தது. தினமும் வேலைக்குப் போகுமுன் பஞ்சால் துடைத்தேன். அப்படியும் இரண்டு சுருங்கிப்போயின. அன்று அழுதேன். அழுதுவிட்டு மற்ற ஆறையும் துடைத்தேன்.

ஐம்பத்தெட்டாம் நாள் முதல் முட்டையில் கீறல் விழுந்தது. அடுத்த நாளுக்குள் ஆறு தலைகள் வெளியே எட்டிப் பார்த்தன. மச்சாளுக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"பாத்தியே, பால் வார்த்த பலன்! இனி உனக்கும்..."

"பாலைத் துடைச்சபடியால்தான் பொரிச்சது, மச்சாள். எனக்கு ஒரு தோஷமும் இல்லை. நாங்களே வேண்டாமெண்டு விட்டதை நீங்கள் ஏன் எனக்காகக் கேட்டுக் கும்பிடுறியள்?"

இத்தனை வருடத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. பேசியதற்கு வருந்தவும் இல்லை.

"ஆறும் சுகமாயிருக்கோ?" என்று கேட்டார் மச்சாள்.

"ஓம் மச்சாள்" என்றேன்.