மஞ்சள் துணியில் முடிந்த வரி

நாமக்கல் கடைவீதியில் எங்களுக்கு ஒரு புண்ணாக்குக் கடை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பருத்திக்கொட்டை எல்லாம்தான் வைத்திருந்தோம். ஆனாலும் மாட்டுக்காரர்கள் வாயில் அது புண்ணாக்குக் கடைதான். என் மாமனார் வைத்தது. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் உட்கார வேண்டிய பலகையில் நான் உட்கார்ந்தேன். ஆசைப்பட்டு உட்காரவில்லை. அவர் உட்கார்ந்தால் கல்லாவில் விழும் காசு பொழுது சாய்வதற்குள் கள்ளுக்கடைக்குப் போய்விடும். பொம்பளை வியாபாரம் பார்க்கிறாள் என்று வீதியே பேசியது. பேசட்டும், பேசுகிறவனா என் வீட்டு உலையில் அரிசி போடப் போகிறான்?

அவர் கெட்ட மனுஷர் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிற்று. குடிக்காத வேளையில் மூட்டையைத் தனியாளாய்த் தூக்கி அடுக்குவார். வண்டியில் பூட்டிய மாட்டைப் பார்த்தே அதற்கு எவ்வளவு புண்ணாக்கு வேண்டும் என்று சொல்வார். குடித்துவிட்டாலும் அடிக்க மாட்டார், வைய மாட்டார். கடைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்து அழுவார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, செத்துப்போன அப்பனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுவார். அடித்திருந்தாலாவது கதவைச் சாத்திக்கொண்டு வாங்கியிருப்பேன். நடுவீதியில் அழுகிறவரை எந்தக் கதவைப் போட்டு மறைப்பது?

அப்படி இருந்தபோதுதான் சேலம் ஜில்லா முழுக்கக் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்போகிறார்கள் என்று தமுக்குப் போட்டார்கள். வேறு எந்த ஜில்லாவிலும் இல்லை, எங்கள் ஜில்லாவில்தான் முதலில். நான் நம்பவே இல்லை. சர்க்காராவது, வருகிற காசை வேண்டாம் என்பதாவது! ஆனால் நிஜமாகவே மூடினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கள்ளுக்கடைப் படலுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. கண் பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

முதலில் கொஞ்ச நாள் அவர் தவித்துப்போனார். மோகனூர் போய்ப் பரிசலில் காவிரியைத் தாண்டினால் அக்கரை திருச்சி ஜில்லா. அங்கே கடை திறந்திருந்தது. போனார். திரும்பி இறங்கும்போது இக்கரையில் நின்ற போலீஸ்காரன் வாயை ஊதச் சொல்லிக் கன்னத்தில் வைத்தான். மறுபடியும் போனார், மறுபடியும் வாங்கினார்.

"பரிசல்காரனுக்குக் காசுங் குடுத்து, போலீசுக்காரங்கிட்ட அறையும் வாங்கி, இது என்ன பொழப்பு புள்ளே?" என்று ஒரு நாள் சொன்னார். அத்தோடு விட்டுவிட்டார். திருந்தினார் என்று சொல்ல மாட்டேன், அலைச்சலுக்குச் சலித்துக்கொண்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. தராசுப் பக்கம் வந்து நின்றார். அடகுக்குப் போன என் தோடு காதுக்குத் திரும்பி வந்தது. எங்கள் மகள் தன் அப்பன் தோளில் ஏறிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். எங்கள் வீட்டிலும் நாலு பேர் வீட்டைப் போலப் பொழுது விடிந்து பொழுது போயிற்று.

பிறகுதான் விற்பனை வரி வந்தது. எதிர்ச் சாரியில் வெல்ல மண்டி வைத்திருந்தவர் என்னைவிட மூத்தவர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். கடலை எண்ணெய் வாங்க வந்த இடத்தில் கொதித்துப்போய்ப் பேசினார்.

"கேட்டீங்களா அம்மிணி? கள்ளுக்கடைய மூடிப்போட்டு, அதுல உளுந்த ஓட்டைய நம்ம தலைய வெச்சு அடைக்கறானுங்க. விக்கற சரக்குக்கெல்லாம் வரியாமா!"

"கள்ளுக்கடைக்கும் நம்ம கடைக்கும் என்னங்கண்ணா சம்பந்தம்?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? குடிகாரன் குடுத்த காசுலதானுங்க இத்தன நாளும் வாத்தியாருக்குச் சம்பளம், ஆஸ்பத்திரிக்கு மருந்து, ரோட்டுக்குச் சல்லி. அது நின்னுபோச்சல்ல? இப்ப அத நாம கட்டோணுமாமா."

என் பெண் படிக்கிற பள்ளிக்கூடம் அவள் அப்பன் மண்ணில் உட்கார்ந்து அழுத காசில் நடந்திருக்கிறது. இத்தனை வருஷம் அது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை.

"அப்படின்னா நான் கட்டிப்போடறனுங்கண்ணா" என்றேன். அவர் எண்ணெய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் பைத்தியமா என்பது போலப் பார்த்தார்.

வரியை எதிர்த்து ஒரு நாள் கடைவீதி முழுக்கக் கதவடைத்தார்கள். நான் திறந்து வைத்தேன். அன்றையிலிருந்து எனக்குச் 'சர்க்கார் மருமகள்' என்று பேர் வைத்துவிட்டார்கள். "மாமனாரு சர்க்காரு சௌக்கியமுங்களா?" என்று சின்னப் பையன்கள்கூடக் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அவர்கள் வீட்டில் யாரும் வீதியில் உட்கார்ந்து அழவில்லையே.

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைப்போம் அல்லவா? என் புத்திக்கு இந்த வரியும் அப்படித்தான் பட்டது. நான் கட்டுகிற வரைக்கும் அந்தக் கள்ளுக்கடை திறக்காது, அவ்வளவுதான். காலையில் முதல் போணியாகிற காசை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, கல்லாவுக்கு மேலே சாமி படத்து ஆணியில் தொங்கவிட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இதென்ன புள்ளே, எந்தச் சாமிக்கு?"

"கள்ளுக்கடைய மூடுன சாமிக்குங்க."

மூட்டை அடுக்கப் போய்விட்டார். மறுநாள் வெற்றிலைக்கு வைத்திருந்த காலணாவைக் கொண்டுவந்து அவரே அந்த முடிச்சில் போட்டார். என் கண்ணைப் பார்க்கவில்லை. கலியாணமான நாளிலிருந்து அவர் எனக்குச் செய்தவற்றில் இது ஒன்று எனக்குப் போதும்.

மாதம் பிறந்தால் அந்த முடிச்சை எடுத்துக்கொண்டு வரி ஆபீசுக்குப் போவேன். காசெல்லாம் மஞ்சள் ஏறியிருக்கும். "ஏம்மா, கோயில் உண்டியலை உடைச்சு எடுத்துட்டு வந்தீங்களா?" என்று குமாஸ்தா விரலை வேட்டியில் துடைத்துக்கொள்வார். நல்ல மனுஷர்தான். ரசீதை மட்டும் தாமதம் இல்லாமல் கொடுப்பார்.

யுத்தம் வந்தது. மந்திரிகள் போனார்கள், வெள்ளைக்காரன் நேரே ஆண்டான். எண்ணெய் விலை ஏறியது, புண்ணாக்கு விலை ஏறியது. நான் விற்றது பழைய அளவு மூட்டைதான். ஆனால் விலை ஏறினதால் சர்க்கார் கணக்கில் பெரிய வியாபாரி ஆகிவிட்டேன், வரியும் ஏறிவிட்டது. அதையும் கட்டினேன். மூடின கடை மூடியே இருந்தால் சரி.

ஒரு நாள் வெல்ல மண்டிக்காரர் தெருவைத் தாண்டி வந்தார். எண்ணெய் வாங்க வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"அம்மிணி, கள்ளுக்கடையெல்லாம் மறுபடியும் தொறக்கறாங்களாமா. யுத்தத்துக்குக் காசு பத்தலையாமா."

கேலி செய்வார் என்று பார்த்தேன். செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கள்ளுக்கடை திறந்த அன்று என் வீட்டுக்காரரைத் தராசை விட்டு நகர விடவில்லை. இதை நிறுங்கள், அதை அடுக்குங்கள் என்று வேலை வைத்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் வரைக்கும் செய்தார். அப்புறம் ஒரு வண்டிக்காரருக்கு ரெண்டு வீசை புண்ணாக்கு நிறுத்தவர் படிக்கல்லைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சித்த நேரம் போயிட்டு வாரேன் புள்ளே."

"போவாதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்படறேன், போவாதீங்க."

"வந்துருவேன்" என்றார். வந்துவிட்டார். சாயங்காலம் எதிரே அந்த மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

மாதம் பிறந்ததும் முடிச்சை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். காசைக் கொட்டவில்லை. முடிச்சை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, கள்ளுக்கடைய மூடுனதுக்குத்தானுங்களே இந்த வரி வந்துச்சு? இப்பத்தான் தொறந்துட்டீங்களே. அப்ப இத நிறுத்திப்போடோணுமில்லீங்களா?"

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அது வேற இலாகா, இது வேற இலாகா. போட்ட வரியை எடுத்த சர்க்காரை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?" அவர் எகத்தாளமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது.

முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணிக் கொடுத்தேன். மஞ்சள் துணியை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அப்புறம் வரிக்காசை ஒரு பழைய பொடி டப்பாவில் போட்டு வைத்தேன்.

கடைக்குத் திரும்பியபோது அவர் எதிரே மண்ணில் இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீதியென்றும் பார்க்கவில்லை. "நான் அங்க கால் கடுக்க நின்னு சர்க்காருக்குக் கட்டிட்டு வாரேன், நீங்க இங்க உக்காந்துட்டு..." என்று கத்தினேன். அவர் அன்றைக்கு அழவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"நானும் கட்டிட்டுத்தான் வாரேன் புள்ளே. உனக்கு ரசீது குடுத்தான். எனக்குத்தான் குடுக்கல."

வீதியே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். உள்ளே போய் எண்ணெய் டின்னுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் அவருக்கு வயிறு ஊதியது, கால் வீங்கியது. கடையில் இருந்த எண்ணெய்ச் சீசாவைக் கழுவி எடுத்துக்கொண்டு சர்க்கார் தர்ம ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அந்தச் சீசா நிறைய ரோஜா நிறத்தில் தண்ணீர் மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்று வேளை. நான் கட்டினதும் அவர் கட்டினதும் சேர்ந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது இந்தச் சீசாதான் என்று நினைத்துக்கொண்டேன். அதில் என் கடலை எண்ணெய் வாசம் அடித்தது. முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்.

யுத்தம் முடிந்தது. மறுபடியும் மந்திரிகள் வந்தார்கள். கள்ளுக்கடைகளை மூடப்போகிறார்கள் என்று வெல்ல மண்டிக்காரர் கட்டிலோரம் வந்து சொன்னார். நல்ல சேதியாகத்தான் கொண்டுவந்தார், பாவம். என் வீட்டுக்காரர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இனிமே நீ ஒருத்திதான் கட்டோணும் புள்ளே. நான் கட்டி முடிச்சுட்டேன்."

கடை மூடுவதற்குள் போய்விட்டார். தமுக்குக்காரன் பிற்பாடு ஒரு நாள் வந்தான், எங்கள் கடைக்கு எதிரே, அவர் உட்காருகிற அதே மண்ணில் நின்றுகொண்டு கள்ளுக்கடை மூடுகிற சேதியைத் தட்டினான். எழுந்துபோய் அந்தத் தமுக்கைக் கிழித்துப்போடலாமா என்று வந்தது. தராசில் யாருக்கோ புண்ணாக்கு இருந்தது. நிறுத்துப் போட்டு, காசை வாங்கிப் பொடி டப்பாவில் போட்டேன்.