அத்தைக்குப் பிடித்த பாட்டு

என் அக்கா புருஷன் வாஷிங் மெஷின் மெக்கானிக். கிதாரும் டிரம்ஸும் தலைதெறிக்க ஓடும் த்ராஷ் மெட்டல் என்றால் அவருக்குப் பைத்தியம், அதிலும் ஒரே ஒரு குழுமேல்தான். அவர்களுடைய முதல் ஆல்பம் தகர டப்பாவுக்குள் பதிவு செய்தது போலிருக்கும்; அதுதான் அழகு என்பார். மூன்றாவதைக் குறை சொன்னவர்களோடு அன்றோடு பேச்சுவார்த்தை கிடையாது. எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். வாயைத் திறந்தால் அந்த வீட்டில் காபி கிடைக்காது.

ஐந்தாவதில்தான் இடி விழுந்தது. அதில் ஒரு பாட்டை, அக்கா வீட்டிலேயே இருக்கும் என் அம்மா துணி மடித்துக்கொண்டே முணுமுணுத்துவிட்டாள். "தாலாட்டு மாதிரி நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று பாராட்டு வேறு.

மாமாவின் முகம் செத்துப்போனது. "அத்தைக்கே பிடிச்சுப்போச்சா? இனிமே அந்தப் பசங்க தேற மாட்டாங்கடா" என்றார் என்னிடம்.

பல வருஷம் கழித்து ஆறாவது வந்தது. வாங்கி வைத்துவிட்டுக் கேட்கப் பயந்தார். ஞாயிற்றுக்கிழமை, பழுதுக்கு வந்த மெஷின் ஒன்றின் முதுகைக் கூடத்தில் கழற்றிக்கொண்டே, ஒருவழியாக ஸ்பீக்கரில் ஓடவிட்டார். முதல் பாட்டு முடிந்தும் ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது. நல்லதா கெட்டதா என்று அவருக்கே பிடிபடவில்லை.

இரண்டாவது பாட்டின் பாதியில் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"மாப்பிள்ளை, முதல்ல மெஷினை நிறுத்துங்க. உள்ள என்னமோ உடைஞ்சு சுத்துது."

மெஷினின் பிளக் தரையில் கிடந்தது.

மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தேறிட்டாங்கடா."