நீலச் சால்வையைப் பிரித்த நாள்

மருதாயி பிறந்தது விராலிமலையில். பின்னல் கற்றது நீலகிரி மலையிலுள்ள வெலிங்டனில். கணவர் ரெங்கராஜ் அங்கே ராணுவத்தில் லாரி ஓட்டினார். பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த பஞ்சாபிப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, மருதாயிக்கு இந்தி தெரியாது. ஆனாலும் விரலைப் பிடித்துப் பிடித்தே அவள் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அந்த மலைக்குளிருக்கு மருதாயி தனக்கென்று பின்னிக்கொண்டது ஒரு நீலச் சால்வை.

1953இல் ரெங்கராஜ் பட்டாளத்தை விட்டு ஆலங்குடிப் பக்கம் சொந்த ஊருக்கே வந்து கடலை சாகுபடி செய்தார். மத்தியானம் காட்டுவேலை ஓய்ந்ததும் மருதாயி முந்திரி மர நிழலில் ஊசியும் உல்லன் நூலுமாக உட்காருவாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வீட்டுச் சின்னப்பிள்ளைக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"இந்த வெயில்ல கம்பளி யாருக்குடி? ஆட்டுக்குட்டிக்கா?"

மருதாயி குனிந்த தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருப்பாள். மனம் விட்டுப் பேச அந்த ஊரில் அவளுக்கு ஒருவரும் இல்லை.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. சின்னப்பிள்ளையின் மகள் அழகி வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த கையோடு, மாதம் நிறையாமலே பிள்ளை பெற்றுவிட்டாள். அழக்கூடத் தெம்பில்லாத ஆண் குழந்தை.

பிரசவம் பார்த்த நர்சம்மா, "புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அதுவரைக்கும் பிள்ளைக்குச் சூடு கொறையக்கூடாதுங்க" என்றார். ரோட்டில் வெள்ளம், பஸ் வரவில்லை. வீட்டுத் துணியெல்லாம் ஈரம். குழந்தையின் கால்கள் சில்லிட்டன.

சின்னப்பிள்ளை நனைந்தபடி ஓடிவந்தாள். "மருதாயி, கம்பளி ஏதாச்சும் இருக்கா ஆத்தா?"

மருதாயி நீலச் சால்வையும் பின்னல் ஊசியுமாக அவள் வீட்டுக்குப் போனாள். குழந்தையைப் பார்த்ததும் சால்வையின் ஓரத்து முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்தாள்.

"ஐயோ, நல்ல சால்வையப் பிரிக்கிறியே!"

"தலைக்கும் காலுக்கும் தனியா வேணும், வீட்டுல வேற நூல் இல்ல. நீ நூலச் சுத்து, நான் பின்னுறேன்."

ஒருத்தி சுற்றச் சுற்ற இன்னொருத்தி பின்னினாள். குல்லா ஆயிற்று, காலுறை ஆயிற்று. அழகி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, மிச்சச் சால்வையை இருவர் மேலும் போர்த்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் பாதத்தில் சூடு திரும்பியது. வெள்ளம் வடிந்து முதல் பஸ் வந்தபோது பிள்ளைக்குக் குரலெடுத்து அழத் தெம்பு வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தேற்றி அனுப்பினார்கள்.

ஊர் திரும்பிய சின்னப்பிள்ளை நேரே மருதாயியிடம்தான் வந்தாள். "எனக்கும் சொல்லிக் குடு" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அழகி வந்தாள், மேலத்தெரு மூக்காயி வந்தாள். பஸ் கண்டக்டர் பிச்சைமுத்து திருச்சியிலிருந்து நூல் வாங்கிவருவார். பச்சை கேட்டால் ஆரஞ்சு வரும். "அங்கிட்டு இதுதாங்க இருந்துச்சு" என்பார். அதனால் அந்தப் பக்கத்துக் கைக்குழந்தைகள் எல்லாம் மார்கழியில் ஆரஞ்சுக் குல்லாவோடு இருந்தன.

மருதாயி ஒருமுறை டைபாய்டில் படுத்தாள். மூன்று பேரும் மாறி மாறி வந்து கஞ்சி காய்ச்சினார்கள், தலை வாரிவிட்டார்கள், துணி துவைத்தார்கள். எழுந்து உட்கார்ந்த அன்று அவள் ரெங்கராஜிடம் சொன்னாள்: "கூடப் பொறந்தவுக இருந்தாக்கூட இம்புட்டுப் பாத்திருப்பாகளா? நான் குடுத்துவச்சவ."

1962இல் எல்லையில் சண்டை வந்தது. பனியில் நிற்கும் சிப்பாய்களுக்கு ஸ்வெட்டர் கேட்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டுவந்து ரெங்கராஜ் சொன்னார். நால்வரும் கையோடு ஆரம்பித்தார்கள். சின்னப்பிள்ளை பின்னியதில் ஒரு கை மட்டும் முழங்கால்வரை தொங்கியது.

"பிரிச்சிரலாமா?" என்றாள் அழகி.

"எதுக்கு? அம்புட்டுப் பட்டாளத்துல கை நீளமானவன் ஒருத்தன் இருக்கமாட்டானா?" என்றாள் சின்னப்பிள்ளை.

மருதாயி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தக் கையை மடித்துத் தைத்து, மற்ற ஸ்வெட்டர்களோடு சேர்த்துக் கட்டினாள்.