லிட்டருக்கு ஏழரை

இருபத்திரண்டு ஆண்டுகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், அதில் பெரும்பகுதியைக் கார் ஓட்டாமலேயே கழித்தார். பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில் கற்பவருக்கு ஸ்டீயரிங்கும் மூன்று மிதிகளும் இருந்தன. பக்கத்து இருக்கையில் அவருக்கு இருந்தது ஒரே மிதி, பிரேக். வலது காலை மடக்கி ஒதுக்கிவிட்டு, இடது காலை அதன்மேல் பட்டும் படாமலும் வைத்துக்கொள்வார். அந்தக் கால் காப்பாற்றிய சைக்கிள்காரர்களும் மின்கம்பங்களும் ஏராளம். எல்லாருக்கும் அவர் பிரேக் வாத்தியார். நல்ல ஆசிரியரா என்று கேட்டால், பொறுமையான ஆசிரியர் என்பேன். இரண்டும் ஒன்றல்ல.

அவர் வீட்டுக்கு ஏழு பேர் உட்காரும் பெரிய ஆட்டோமேட்டிக் கார் வந்ததற்குக் காரணம் மைத்துனர். மனைவியின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவர். ஒரு காய்ச்சல் முதுகுத்தண்டைப் பிடித்ததில் இரண்டு வருடமாகச் சக்கர நாற்காலி. அது மடங்கி உள்ளே போக வேண்டும், வாத்தியாரின் மூன்று பிள்ளைகளும் ஏற வேண்டும் என்றால் சின்ன வண்டி ஆகாது. வாரத்தில் மூன்று நாள், இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த நீச்சல்குளத்தில் அவருக்குத் தண்ணீர்ப் பயிற்சி. வண்டி வந்த நான்காம் மாதம், குளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நொடி நின்றார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த மனைவி ஒரு வரம்பு வைத்திருந்தார். ஒரு டேங்க் பெட்ரோல் ஒரு மாதம் ஓட வேண்டும். அதற்கு மேல் அந்த வீட்டுக்குத் தாங்காது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் சரியாக ஓடும். கிடைக்கவில்லை. இருபதாம் தேதிக்குள் முள் சிவப்பைத் தொட்டுவிடும்.

வாத்தியார் ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே குழாயில், முதல் ‘கிளிக்’ சத்தத்தோடு நிறுத்தி நிரப்பி அளந்தார். மைத்துனர் இல்லாத வாரம் பத்து. மைத்துனரை ஏற்றிப் போன வாரம் ஏழரை.

“ஏழரையா!” என்று மைத்துனர் சிரித்தார். “பொருத்தமாத்தான் இருக்கு மாமா. இந்த வீட்டுக்கு ஏழரையே நான்தானே.”

“சும்மா இரு மாப்ள. காத்து குறைஞ்சிருக்கும்.”

காற்று சரியாக இருந்தது. ஏர் ஃபில்டரை மாற்றினார்கள். கியர்பெட்டி எண்ணெயை மாற்றினார்கள். மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, “ஆட்டோமேட்டிக்னா குடிக்கத்தான் செய்யும் சார். யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுதா எப்படி?” என்றார். முன் பிரேக் கட்டை மட்டும் சீக்கிரம் தேய்ந்திருப்பதாகவும் சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்ட கேள்வி பெட்ரோலைப் பற்றி. பதில் பிரேக்கைப் பற்றி வந்தால் அதைப் பதிலாக யார் எடுத்துக்கொள்வார்கள்?

அன்று மாலை மைத்துனர் தன் அக்காவைக் கூப்பிட்டார். “அக்கா, நான் இனிமே குளத்துக்கு வரல. என் கனத்துக்கு இவ்வளவு பெட்ரோல் வேணாம். ஒன்பது செகண்ட் நின்னாச்சு, போதும்.”

“அறைஞ்சேன்னா தெரியும். உன் கனம்தான்னு யார் சொன்னா?”

“கணக்கு சொல்லுது. உன் வீட்டுக்காரர் அளந்தது.”

“அதையும் சோதிச்சுப் பாத்துடுவோம்” என்றார் அக்கா. பரிசோதனைக் கூடத்தில் அவர் கற்ற விதி ஒன்றே: எதைச் சந்தேகிக்கிறாயோ அதை மட்டும் மாற்று. தம்பியின் எடை அறுபத்தெட்டு கிலோ. குடிநீர்க் கேன்களில் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பி, தம்பி உட்காரும் முன் இருக்கையில் அடுக்கி, பெல்ட்டும் போட்டார். சக்கர நாற்காலி பின்னால் வழக்கமான இடத்தில். அதே நேரம், அதே பாதை. வாத்தியார் ஒரு வாரம் கேன்களைக் குளத்துக்கு அழைத்துப் போய் அழைத்து வந்தார். மைத்துனர் ஜன்னலோரம் இருந்து கையசைத்து வழியனுப்பினார்.

முடிவு வந்தது. பத்துக்குக் கொஞ்சம் மேலே.

மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கனம் இல்லையென்று நிரூபணம் ஆகிவிட்டது. நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் கனம் காரணமென்றால் அது உடம்போடு போயிற்று. கனமும் இல்லாமல், ஒருவர் ஏறினாலே ஒரு வண்டி இளைக்கிறது என்றால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

“அப்போ தண்ணிக்கு என்னைவிட ராசி அதிகம்” என்றார் மைத்துனர். இந்த முறை சிரிக்கவில்லை. “கேன் குளத்துல நின்னுச்சா மாமா? எத்தனை செகண்ட்?”

“இன்னும் ஒரே ஒரு தடவை வா மாப்ள” என்றார் வாத்தியார். “நீ வந்தாத்தானே எங்க தப்புன்னு தெரியும்.”

“கடைசித் தடவை. சத்தியமா.”

மறுநாள் காலை குளத்தின் வாசலில் வாத்தியார் நாற்காலியை இறக்கப் போனபோது, பின்னால் வந்த சிவப்புக் காரிலிருந்து ஒரு பெண் இறங்கினார். பல் டாக்டர். வாத்தியாரிடம் எட்டு மாதம் கார் கற்றவர்.

“சார், நீங்களா! அரை மணி நேரமா பின்னாடியே வரேன், திட்டிக்கிட்டே. பிரேக் லைட் ஓயவே இல்ல. ஒவ்வொரு தடவையும் நானும் நடுங்கி நடுங்கி பிரேக் போட்டேன்.”

“நான் பிரேக்கையே தொடலையேம்மா. ஸ்விட்ச் போயிருக்கும்.”

“ஸ்விட்ச் போனா எரிஞ்சுகிட்டே இருக்கும். இது மினுக்கு மினுக்குன்னு எரியுது சார். பிரேக் மேல காலை வெச்சு ஊஞ்சல் ஆடாதேன்னு என்னை எத்தனை திட்டு திட்டியிருப்பீங்க! ஊருக்குத்தான் உபதேசமா?”

வாத்தியார் மறுபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். சந்தேகம் தீர வேண்டும். வலது கால் தரையில் இருந்தது. பக்கத்து இருக்கையில் மைத்துனர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா. அந்தக் காலைப் பாருங்க.”

கிளட்ச் இல்லாத வண்டியில் வேலையற்றுப் போன இடது கால், அகலமான பிரேக் மிதியின்மேல் பட்டும் படாமலும் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை. எடுத்துக் கீழே வைத்தார். மைத்துனர் சற்று அசைந்து உட்கார, கால் திரும்பப் போய் அதே இடத்தில் ஏறிக்கொண்டது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கைத் தொட்டாலே கியர்பெட்டி தன் பிடியைத் தளர்த்திவிடுமாம்; இன்ஜின் வீணாகச் சுழலும். மெக்கானிக் பிறகு சொன்னது. அது புரிந்தது. கேன்கள் உட்கார்ந்திருந்தபோது மட்டும் ஏன் கால் சும்மா இருந்தது என்பதுதான் வாத்தியாருக்குப் புரியவில்லை. “கேனுக்கு முதுகு வலிக்காதுல்ல. குலுங்கினா எனக்குத்தானே வலிக்கும்” என்று மைத்துனர்தான் மெதுவாகச் சொன்னார்.

வாத்தியாருக்கு அது முழுச் சமாதானமாகப்படவில்லை. ஒருவன் ஒன்றும் செய்யாமல் இருந்ததாகச் சத்தியம் செய்யலாம்; அந்த நேரம் அவன் கால் அவனைக் கேட்காமல் பயந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் அத்தனை வருடம் சைக்கிள்காரர்களைக் காப்பாற்றியது யார்?

அடுத்த வாரம், மிதி பட்டால் தெரியட்டும் என்று, இடது காலில் செருப்பில்லாமல் ஓட்டினார். மைத்துனருக்கு ஒரு வேலை கிடைத்தது. கால் நகரும்போதெல்லாம் “மாமா, கால்!” என்று அதட்ட வேண்டும். முதல் நாள் முப்பத்தோரு தடவை. வார முடிவில் நான்கு.

டேங்கை நிரப்பி வந்து வாத்தியார் சொன்னார்: “ஒன்பதே முக்கால்.”

“மாசக் கடைசி வரைக்கும் இழுத்துடலாம்” என்றார் மனைவி. பிறகு புருவம் சுருங்கியது. “ஆனா கேனுக்குப் பத்துக்கு மேல வந்துச்சே. மிச்சக் கால் எங்க போச்சு?”

வாத்தியார் தன் காலைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“அது என் கனம்” என்றார் மைத்துனர். “அவ்வளவாவது இருக்கணும்ல?” பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: “நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் மாமா?”